ஒரே "டைம்-அவுட்", ஐந்து கருவிகளில் ஐந்து விதம்: ஜாபிக்ஸ், எஸ்என்எம்பி உதவி தேவை

நிலா_நெட்

வணக்கம் நண்பர்களே. ஜாபிக்ஸ் (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) 6.0 சர்வர் உபுண்டு 22.04-இல் ஓடுகிறது, முகவரி 10.20.0.5. அதிலிருந்து பார்க்கும் கருவிகளில் இப்போது இருக்கும் சிக்கல்கள் இவை:

1. விண்டோஸ் சர்வர் 2022, நான்கு மெஷின்கள், 10.30.0.0/24 நெட்வொர்க்கில். எஸ்என்எம்பி (கருவியின் நிலவரத்தை நெட்வொர்க் வழியே கேட்டறியும் முறை), பதிப்பு வி2சி. எல்லாமே டொமைனில் சேர்ந்தவை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் ஏதாவது ஒன்றிரண்டு டைம்-அவுட் ஆகிவிடும். எஸ்என்எம்பி சர்வீஸ் "ரன்னிங்" என்றுதான் காட்டுகிறது. அதே 10.30 நெட்வொர்க்கில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து கேட்டால் பதில் வருகிறது.

2. புதிதாக நிறுவிய உபுண்டு 22.04. சிஸ்டம் பெயர், அப்டைம் வருகின்றன. இன்டர்ஃபேஸ் டேபிளைக் கேட்டால் "அப்படி ஒரு ஆப்ஜெக்ட் இந்த ஏஜென்டில் இல்லை" என்கிறது.

3. ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் செய்த 6 உபுண்டு விஎம்கள், எஸ்என்எம்பி வி3. ஒன்று பச்சையானால் இன்னொன்று சிவப்பாகிறது. கமாண்டு லைனில் தனித்தனியாகக் கேட்டால் ஆறுமே பதில் தருகின்றன.

4. ஒரு பழைய ஸ்விட்சின் 1 ஜிபிபிஎஸ் அப்லிங்க். 5 நிமிடத்துக்கு ஒருமுறை போலிங். கிராஃப் 114 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறுவதே இல்லை, நடுநடுவே வெற்றிடம் வேறு.

5. ஃப்ரீபிஎஸ்டி 13: இன்டர்ஃபேஸ் வருகிறது, சிபியு, டிஸ்க் காலி. கூடவே ஒரு மேக் மினி, பிங் சில நேரம் வரும், சில நேரம் வராது.

ஜாபிக்ஸ் சர்வரில் டைம்-அவுட்டை 3 விநாடியிலிருந்து 30 ஆக்கினேன். முதல் சிக்கலில் மாற்றமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

---

பாக்கெட்_பார்வை

முதலில் அந்த 30-ஐப் பழையபடி 3-க்கே கொண்டுவாருங்கள். பதிலே அனுப்பாத கருவிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பதில் வராது. இயல்பு அமைப்பில் போலர்கள் (கருவிகளிடம் கேள்வி கேட்கும் ப்ராசஸ்கள்) 5 மட்டுமே. செத்த கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு போலர் 30 விநாடி முடங்கினால் க்யூ நீண்டு, நன்றாக இருக்கும் கருவிகளின் கிராஃபிலும் ஓட்டை விழும்.

எஸ்என்எம்பி வி1, வி2சி இரண்டிலும் கம்யூனிட்டி (பாஸ்வேர்டு போன்ற சொல்) தவறாக இருந்தால் ஏஜென்ட் (கருவியில் இருந்து பதில் சொல்லும் புரோகிராம்) "தவறு" என்று சொல்லாது. பேசாமல் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். அனுமதிப் பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து கேட்டாலும் அப்படித்தான். ஃபயர்வால் தடுத்தாலும் அதே மௌனம். கேட்கிற பக்கம் எல்லாமே "டைம்-அவுட்" என்றுதான் தெரியும். அதனால் எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் பாக்கெட் எதுவரை போகிறது என்று பாருங்கள்.

ஜாபிக்ஸ் சர்வரில்:

டிசிபிடம்ப் -என்என்ஐ எனி ஹோஸ்ட் 10.30.0.11

எஸ்என்எம்பியின் போர்ட் 161 என்பதால் "போர்ட் 161" என்று வடிகட்டாதீர்கள், ஹோஸ்ட் மட்டும் போதும். போர்ட்டை வைத்து வடிகட்டினால் ஐசிஎம்பி பதில்கள் (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்புகள்) கண்ணில் படாது. "யுடிபி போர்ட் 161 அன்ரீச்சபிள்" என்று ஐசிஎம்பி திரும்பி வந்தால், பெரும்பாலும் மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்த முகவரியில் 161-ஐக் கேட்க ஆள் இல்லை என்று பொருள். உபுண்டுவில் இது சகஜம்: இயல்பு கான்ஃபிகில் ஏஜென்ட்அட்ரஸ் வரி 127.0.0.1-ஐ மட்டுமே கேட்கும்படி இருக்கும். எஸ்எஸ் -எல்யுஎன்பி கொடுத்தால் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி போகிறது, எதுவுமே திரும்பவில்லை என்றால் இலக்கு மெஷினில் அதே கமாண்டை ஓட்டுங்கள். லினக்ஸில் டிசிபிடம்ப், ஃபயர்வாலுக்கு முன்பே உள்ளே வரும் பாக்கெட்டைப் பிடித்துவிடும். ஆகவே அங்கே பாக்கெட் தெரிவதால் ஃபயர்வால் விட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பாக்கெட் வந்தும் பதில் கிளம்பாவிட்டால் மூன்று சந்தேகங்கள்: ஃபயர்வால், இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கும் மெஷினில் ஆர்பி ஃபில்டர் (மதிப்பு 1 என்றால், திரும்பும் வழி வேறு கார்டில் இருக்கும் பாக்கெட்டை கெர்னலே தூக்கி எறிந்துவிடும்), அல்லது ஏஜென்டின் சொந்த அனுமதி.

கடைசிச் சந்தேகத்தைத் தீர்க்க ஏஜென்டுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. (இனி வரும் நீண்ட எண் வரிசைகள் ஓஐடிகள், ஏஜென்டிடம் உள்ள ஒவ்வொரு தகவலின் முகவரி.) 1.3.6.1.2.1.11.1.0 வந்து சேர்ந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை, 1.3.6.1.2.1.11.4.0 தவறான கம்யூனிட்டியோடு வந்தவற்றின் எண்ணிக்கை. அந்த மெஷினுக்குள்ளிருந்தே சரியான கம்யூனிட்டியோடு இரண்டையும் படியுங்கள், வெளியிலிருந்து 5 தடவை கேளுங்கள், மறுபடி படியுங்கள். இரண்டாவது எண் ஏறியிருந்தால் ஃபயர்வாலை விட்டுவிட்டு எழுத்துப் பிழையைத் தேடலாம். உபுண்டுவில் இதற்கு அந்தக் கிளையை வியூவில் (ஒரு கம்யூனிட்டிக்குக் காட்டப்படும் ஓஐடிகளின் பட்டியல்) சேர்த்திருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது சிக்கலும் அந்த வியூதான். டெபியன், உபுண்டு தரும் எஸ்என்எம்பிடி கான்ஃபிகில் "பப்ளிக்" கம்யூனிட்டி "சிஸ்டம்ஒன்லி" என்ற வியூவோடு கட்டப்பட்டிருக்கும். அதில் 1.3.6.1.2.1.1-உம் 1.3.6.1.2.1.25.1-உம் மட்டுமே உண்டு. அதனால்தான் பெயரும் அப்டைமும் வருகின்றன, இன்டர்ஃபேஸ் வரவில்லை. அதே வியூவில் இன்னும் நான்கு "இன்க்ளூடட்" வரிகள் சேருங்கள்:

.1.3.6.1.2.1.2 (இன்டர்ஃபேஸ்)
.1.3.6.1.2.1.31 (64 பிட் கவுண்டர்கள்)
.1.3.6.1.2.1.25 (டிஸ்க், ப்ராசஸ்)
.1.3.6.1.4.1.2021 (லோடு, மெமரி)

வியூவையே எடுத்துவிட்டு முழு மரத்தையும் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம், ரவுட்டிங் டேபிள், ஓடும் ப்ராசஸ்களின் ஆர்கியூமென்டுகள் எல்லாம் வெளியே தெரியும். 25-ஐச் சேர்த்தாலே ப்ராசஸ் விவரங்கள் வந்துவிடும் என்பதால், டிஸ்க் மட்டும் போதுமென்றால் 25.2-ஐ மட்டும் சேருங்கள். கம்யூனிட்டி வரியில் 10.20.0.5 என்ற மூல முகவரியையும் எழுதிவிடுங்கள்.

---

ஜன்னல்_காவல்

விண்டோஸ் பகுதிக்கு நான்.

"அதே நெட்வொர்க்கிலிருந்து வருகிறது, வேறு நெட்வொர்க்கிலிருந்து வரவில்லை, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு." இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது நெட்வொர்க் ப்ரொஃபைல். எஸ்என்எம்பி சர்வீஸுக்கு விண்டோஸ் ஃபயர்வாலில் உள்வரும் விதிகள் இரண்டு உண்டு. டொமைன் ப்ரொஃபைலுக்கானது எந்த முகவரியையும் ஏற்கும். ப்ரைவேட், பப்ளிக் ப்ரொஃபைல்களுக்கானது லோக்கல் சப்நெட்டை மட்டுமே ஏற்கும். ரீஸ்டார்ட்டின்போது டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ளத் தாமதமானால் கார்டு "டொமைன்" ஆகாமல் "பப்ளிக்" என்றே நின்றுவிடும். லேப்டாப் அதே சப்நெட்டில் இருப்பதால் அதற்குப் பதில்; 10.20.0.5-க்கு மௌனம்.

உறுதி செய்ய, பவர்ஷெல்லில் கெட்-நெட்கனெக்ஷன்ப்ரொஃபைல். "நெட்வொர்க்கேட்டகரி" வரியில் பப்ளிக் என்று இருந்தால் இதுதான். நெட்வொர்க் கார்டை ஒருமுறை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் சரியாகிவிடும். அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்பவும் வரலாம். நிலையான வழி: யுடிபி 161-க்குப் புதிய உள்வரும் விதி, மூன்று ப்ரொஃபைல்களும் டிக், ரிமோட் முகவரி 10.20.0.5 மட்டும். இதை க்ரூப் பாலிசியில் வைத்தால் நான்குக்கும் ஒரே வேலை.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் சர்வீஸின் ப்ராபர்ட்டீஸில் செக்யூரிட்டி டேப். புதிதாக நிறுவியதும் அங்கே லோக்கல்ஹோஸ்ட் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கும், கம்யூனிட்டிப் பட்டியல் காலியாக இருக்கும். அந்த டேபே தெரியவில்லை என்றால் சர்வீஸ் கன்சோலை மூடித் திறங்கள். அப்போதும் இல்லையென்றால் ரிமோட் நிர்வாகக் கருவிகளில் உள்ள எஸ்என்எம்பி டூல்ஸ் ஃபீச்சர் நிறுவப்படவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. க்ரூப் பாலிசியில் யாராவது எஸ்என்எம்பி கம்யூனிட்டியை அமைத்திருந்தால் ரெஜிஸ்ட்ரியின் சாஃப்ட்வேர்\பாலிசீஸ்\எஸ்என்எம்பி\பாராமீட்டர்ஸ் பகுதிதான் செல்லுபடியாகும். டேபில் நீங்கள் மாற்றுவது எதுவும் எடுபடாது. இரண்டு இடத்தையும் பாருங்கள்.

பாக்கெட்டை எந்த அடுக்கு போடுகிறது என்று பார்க்க சர்வர் 2022-இல் பிகேடிமான் (பாக்கெட் பிடிக்கும் கருவி) கூடவே வருகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ஃபில்டரில் போர்ட் 161 சேர்த்து, கேப்சரோடு ஸ்டார்ட் செய்து, ஜாபிக்ஸிலிருந்து ஒருமுறை கேட்டு, ஸ்டாப் செய்யுங்கள். டெக்ஸ்ட்டாக மாற்றிப் பார்த்தால் "டிராப்" என்ற வரியில் காரணமும் எழுதியிருக்கும்.

இன்னொன்று. விண்டோஸின் சொந்த எஸ்என்எம்பி சர்வீஸில் வி3 கிடையாது. சர்வர் 2012 முதலே கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது. இந்த நான்கிலும் ஜாபிக்ஸ் ஏஜென்டைப் போட்டு டிசிபி 10050-க்கு மாறுவதே என் பரிந்துரை. ஆங்கிலம் அல்லாத விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்களுக்குப் பெயர் மாறிவிடும். அதனால் ஐட்டம் கீயில் "பெர்ஃப்_கவுண்டர்_இஎன்" வகையைப் பயன்படுத்துங்கள். கவுண்டரே காணாமல் போயிருந்தால் அட்மின் கமாண்டு ப்ராம்ப்டில் லாட்சிடிஆர் /ஆர், பிறகு வின்எம்ஜிஎம்டி /ரீசிங்க்பெர்ஃப், அதன்பின் ஏஜென்ட் சர்வீஸ் ரீஸ்டார்ட்.

ஆக்டிவ் செக் (ஏஜென்டே தகவலை சர்வருக்கு அனுப்பும் முறை) வைத்தால் ஏஜென்ட் கான்ஃபிகில் இருக்கும் ஹோஸ்ட்நேம், ஜாபிக்ஸில் கொடுத்த ஹோஸ்ட் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. திரையில் காட்டும் "விசிபிள் நேம்" வேறு, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

---

முத்திரை_வி3

குளோன் விஎம் சிக்கல். எஸ்என்எம்பி வி3-இல் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தனி எஞ்சின் ஐடி இருக்க வேண்டும். கேட்கிற பக்கம் அந்த ஐடியின் பேரில்தான் "எத்தனை தடவை பூட் ஆனது, பூட் ஆகி எத்தனை விநாடி" என்ற இரண்டு எண்களை நினைவில் வைக்கும். ஏஜென்டின் கணக்கிலிருந்து 150 விநாடிக்கு மேல் விலகிய கேள்வியை ஏஜென்ட் நிராகரிக்கும். குளோன் செய்தபோது உங்கள் ஆறு விஎம்களும் ஒரே ஐடியைச் சுமந்து வந்திருக்கின்றன. ஜாபிக்ஸ் முதல் விஎம்மின் நேரக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்கிறது. அது "என் நேரத்துக்குள் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறது. கமாண்டு லைன் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதால், அங்கே ஆறும் வேலை செய்வதுபோலத் தெரியும்.

சரிபார்க்க ஒவ்வொன்றிலும் 1.3.6.1.6.3.10.2.1.1.0 படியுங்கள். இரண்டில் ஒரே மதிப்பு வந்தால் உறுதி.

சரிசெய்யும் வரிசை முக்கியம்:

முதலில் எஸ்என்எம்பிடியை ஸ்டாப் செய்யுங்கள். ஓடும்போது ஃபைலைத் திருத்தினால், நிற்கும்போது அது தன் நினைவில் இருப்பதைத் திரும்ப எழுதி உங்கள் திருத்தத்தை அழித்துவிடும்.

அடுத்து /வார்/லிப்/எஸ்என்எம்பி/ அடியில் இருக்கும் எஸ்என்எம்பிடி.கான்ஃப். இடிசி-க்குள் இருப்பது அல்ல, இது வேறு. ரெட்ஹாட் வகையில் /வார்/லிப்/நெட்-எஸ்என்எம்பி/. இதில் ஓல்ட்எஞ்சின்ஐடி வரியையும் யூஎஸ்எம்யூசர் என்று தொடங்கும் வரிகளையும் நீக்குங்கள். யூசர் வரிகளை விட்டுவைத்துப் பயனில்லை. பாஸ்வேர்டிலிருந்து உருவான சாவி பழைய எஞ்சின் ஐடியோடு பிசைந்து செய்யப்பட்டது. புது ஐடியோடு பொருந்தாது.

அதே ஃபைலில் க்ரியேட்யூசர் வரியைப் புதிதாக எழுதுங்கள். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து. ஸ்டார்ட் செய்ததும் அந்த வரி மறைந்து யூஎஸ்எம்யூசர் ஆக மாறியிருக்கும். அப்படி மாறினால் சரி.

கடைசியாக ஜாபிக்ஸ் சர்வரில் ஜாபிக்ஸ்_சர்வர் -ஆர் எஸ்என்எம்பி_கேஷ்_ரீலோடு. (அந்த "ஆர்" ஆங்கிலப் பெரிய எழுத்து.) இதை விட்டால் பழைய ஐடியையே நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் சிவப்பாகவே இருக்கும்.

டெம்ப்ளேட் விஎம்மிலேயே அந்த ஃபைலை அழித்துவிட்டு மூடி வையுங்கள். அடுத்த குளோன்கள் முதல் பூட்டில் தாமே புதிய ஐடி உருவாக்கிக்கொள்ளும்.

கேப்சரில் வி3-ஐப் பார்க்கும்போது ஒரு குறிப்பு: தொடக்கத்தில் "தெரியாத எஞ்சின் ஐடி" (1.3.6.1.6.3.15.1.1.4.0) என்றும், அதைத் தொடர்ந்து "நேரத்துக்குள் இல்லை" (அதே வரிசையில் 2.0) என்றும் தலா ஒரு ரிப்போர்ட் வருவது இயல்பு, அறிமுகம் அப்படித்தான் நடக்கும். 2.0 திரும்பத் திரும்ப வந்தால் ஐடி மோதல். 3.0 என்றால் யூசர் பெயர் தவறு. 5.0 என்றால் ஆத் பாஸ்வேர்டு அல்லது ஹாஷ் முறை தவறு.

---

எண்ணிக்கை_சரி

அந்த 114 என்ற எண்ணிலேயே விடை இருக்கிறது. 32 பிட் கவுண்டர் 4,29,49,67,296 பைட் வரை எண்ணி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அதை 8-ஆல் பெருக்கி 300 விநாடியால் வகுங்கள்: 114.5 எம்பிபிஎஸ். 5 நிமிட இடைவெளியில் 32 பிட் கவுண்டரால் அதற்கு மேல் காட்டவே முடியாது. 1 ஜிபிபிஎஸ் முழுவேகத்தில் அந்தக் கவுண்டர் 34 விநாடிக்கு ஒருமுறை சுற்றிவிடும். புது மதிப்பு பழையதைவிடக் குறைவாக வந்தால் ஜாபிக்ஸ் அந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காது. உங்கள் வெற்றிடங்கள் அவைதாம்.

ஐட்டத்தை 1.3.6.1.2.1.2.2.1.10 என்பதிலிருந்து 1.3.6.1.2.1.31.1.1.1.6-க்கு மாற்றுங்கள். வெளிச்செல்வதற்கு 16-க்குப் பதில் 31 கிளையில் 10. கூடவே அந்த ஸ்விட்ச் ஜாபிக்ஸில் வி1 என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். வி1-ஆல் 64 பிட் கவுண்டரைச் சுமக்க முடியாது, ஐட்டம் "ஆதரவில்லை" என்றாகிவிடும். வி2சி ஆக்க வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுவது அடிப்படை நிறுவலோடு வரும் பிஎஸ்என்எம்பிடி என்றால், எஸ்என்எம்பிடி.கான்ஃபிக் ஃபைலில் ஹோஸ்ட்ரெஸ் மாட்யூல் வரி கமென்டில் இருக்கும். கமென்டை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் 25 கிளை உயிர்பெறும். லினக்ஸ் டெம்ப்ளேட் கேட்கும் 2021 கிளை அதில் கிடையாது. பிஎஸ்என்எம்பி-யுசிடி என்ற போர்ட்டைச் சேர்க்கலாம், அல்லது நெட்-எஸ்என்எம்பிக்கே மாறலாம். மாறினால் பழையதை ஆர்சி.கான்ஃபில் நிறுத்துங்கள்; இரண்டும் 161-க்குச் சண்டையிட்டால் முதலில் எழுந்தது ஜெயிக்கும். சாக்ஸ்டாட் -4எல் பார்த்தால் யார் என்று தெரியும்.

மேக்: தூக்கம் அல்லது ஸ்டெல்த் மோடு. ஃபயர்வாலில் ஸ்டெல்த் மோடு போட்டிருந்தால் பிங் எப்போதுமே வராது. சில நேரம் வருகிறது என்பதால் தூக்கம்தான். பிஎம்செட் -ஏ ஸ்லீப் 0.

---

நிலா_நெட்

எல்லோருக்கும் நன்றி. நிலவரம்: பதில் வராத இரண்டு விண்டோஸிலும் ப்ரொஃபைல் "பப்ளிக்" என்றே இருந்தது. புது விதி போட்டு இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தேன், நிற்கிறது. ஆறு விஎம்களில் எஞ்சின் ஐடி ஒன்றேதான். மாற்றியதும் எல்லாம் பச்சை. ஸ்விட்ச் வி1-இல்தான் இருந்தது.

இரண்டாவதாகச் சொன்ன உபுண்டுவில் மட்டும் ஒரு மிச்சம். அது விபிஎன் வழியாக வரும் கிளையில் இருக்கிறது. ஒற்றை ஓஐடி உடனே வருகிறது. எஸ்என்எம்பிவாக் கொடுத்தாலும் முழுதும் ஓடி முடிகிறது. ஆனால் ஜாபிக்ஸும், கமாண்டு லைனில் எஸ்என்எம்பிபல்க்வாக்கும், இன்டர்ஃபேஸ் டேபிளின் நடுவில் டைம்-அவுட் ஆகின்றன.

---

பாக்கெட்_பார்வை

வாக் ஒவ்வொரு மதிப்பாகக் கேட்கும். பல்க்வாக் ஒரே கேள்வியில் பலவற்றைக் கேட்கும். பதில் பெரிதாகி விபிஎன்னின் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) தாண்டினால் யுடிபி பாக்கெட் துண்டாகும், வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் துண்டுகளைப் போட்டுவிடுகிறது. துண்டுகளில் முதலாவதில் மட்டுமே போர்ட் எண் இருக்கும். இதற்காகவும்தான் ஹோஸ்ட் முகவரியை மட்டும் வைத்துப் பிடிக்கச் சொன்னேன். போர்ட்டை வைத்துப் பிடித்தால் மீதித் துண்டுகள் வந்தனவா என்றே தெரியாது.

பல்க்வாக்கில் -சிஆர்5 கொடுத்துப் பாருங்கள், பிறகு 2 (ஒரு கேள்விக்கு எத்தனை மதிப்பு என்ற எண் இது, இயல்பு 10). ஏதோ ஒரு எண்ணுக்குக் கீழே முழுதாக ஓடினால் துண்டாவதுதான் காரணம். இரு முனையிலும் ஒரே நேரத்தில் கேப்சர் வைத்து, உபுண்டுவிலிருந்து இரண்டு துண்டு கிளம்பி இங்கே ஒன்றுதான் வருகிறது என்று காட்டினால் விபிஎன் பார்ப்பவர்களிடம் பேச்சு சுருக்கமாக முடியும்.

அவர்கள் சரிசெய்யும்வரை ஜாபிக்ஸில் அந்த ஹோஸ்டின் எஸ்என்எம்பி இன்டர்ஃபேஸில் "பல்க் ரிக்வெஸ்ட்" டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு ஹோஸ்டுக்கு மட்டும். மற்றவற்றுக்கும் எடுத்தால் கேள்விகளின் எண்ணிக்கை பல மடங்காகி, 5 போலர் போதாமல் போகும்.